ஒத்திகைத் தலைவர்

எங்கே உட்காரப் போனாலும் அவள் முதலில் அந்த இடத்தைத் துடைப்பாள். பஸ்ஸில் சீட்டு, மருத்துவமனையில் பெஞ்சு, உறவுக்காரர் வீட்டில் சோபா, எதுவானாலும் சரி. நாலாக மடித்த மஞ்சள் துணி ஒன்று எப்போதும் இடது கையில் இருக்கும். அதால் ஒரு இழுப்பு, திருப்பிப் போட்டு இன்னொரு இழுப்பு, அப்புறம்தான் உட்காருவாள். துடைத்தோம் என்பதே அவளுக்குத் தெரியாது. யாராவது சொன்னால் "நானா?" என்பாள்.

அவள் கணவனின் அக்கா அவர்களோடுதான் இருந்தாள், அண்ணி என்றுதான் இவள் கூப்பிடுவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"ஏம்மா, நான் உட்கார்ந்து எந்திரிச்ச நாற்காலி அவ்வளவு அழுக்கா?"

அவள் கையைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். நாற்காலியை இன்னொரு தடவை துடைத்தாள்.

"நல்லா இருக்கு" என்று அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வேலை அப்படி. அவளுக்கு ஆட்சி மண்டபத்தில் நாற்காலி துடைக்கிற வேலை. நாட்டுக்குத் தலைவராக வருகிறவர் யாராக இருந்தாலும் அந்த மண்டபத்தில்தான் பதவியேற்க வேண்டும். வரிசை வரிசையாக மெத்தை வைத்த நாற்காலிகள், ஒரு மேடை, மேடையில் பித்தளைக் கம்பி போட்ட உயரமான மேசை. சுவரில் இதுவரை ஆட்சி செய்தவர்களின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் எத்தனையாவது தலைவர் என்று ஒரு எண். பதவியேற்பு இல்லாத நாளில் அங்கே தூசியும் அவளும்தான்.

பதவியேற்புக்கு முன்னால் ஒத்திகை நடக்கும். மைக் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், விளக்கு கண்ணில் அடிக்கிறதா, கம்பளம் காலைத் தடுக்குமா என்று பார்க்க, தலைவர் நிற்கும் இடத்தில் ஓர் ஆள் நின்றாக வேண்டும். அதற்குத் தலைவரையேவா கூப்பிட முடியும்? அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், துணியோடு அந்தப் பக்கம் போனவளை மண்டப மேலாளர் நிறுத்தினார்.

"இந்தாம்மா, இங்க வந்து நில்லு. பேசாம நில்லு, போதும்."

பேசாமல் நிற்பது அவளுக்குக் கைவந்த கலை. அன்றைக்கு அவள் நின்ற அழகைப் பார்த்துவிட்டு, அடுத்த ஒத்திகைக்கும் அவளையே கூப்பிட்டார்கள். அதற்கடுத்ததற்கும் கூப்பிட்டார்கள்.

அவள் குள்ளம். வருகிற தலைவர்கள் உயரம். அதனால் மரப்பலகைகள் செய்து வைத்திருந்தார்கள். தலைவரின் உயரத்துக்கு ஏற்றபடி ஒன்றோ இரண்டோ மூன்றோ பலகைகளை அடுக்கி, அவளை மேலே ஏற்றிவிடுவார்கள். மண்டபத்து ஆட்களுக்குத் தலைவர்களின் பெயரை விடப் பலகைக் கணக்குதான் நினைவில் இருக்கும். "அந்த வரியைப் போட்டது யாரு? ரெண்டு பலகையா?" "இல்லப்பா, அது மூணு பலகை ஆட்சியில."

நின்றால் மட்டும் போதாது, மைக்கில் பேசியும் பார்க்க வேண்டுமே. மேலாளர் நீதிபதியின் இடத்தில் நின்று, உறுதிமொழியைத் துண்டு துண்டாகப் படிப்பார். அவள் திருப்பிச் சொல்வாள். உறுதிமொழியில் கடைசி வாக்கியம் ஒன்று உண்டு: "இந்த நொடி முதல் இப்பொறுப்பு என்னுடையது." ஒத்திகையில் அதை மட்டும் யாரும் சொல்லக் கூடாது. அது மண்டபத்துப் பழக்கம். மேலாளர் அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "அவ்வளவுதான், இறங்கு" என்பார். ஏன் நிறுத்துகிறார் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. அவளைப் பொறுத்தவரை உறுதிமொழியின் கடைசி வாக்கியமே "அவ்வளவுதான், இறங்கு" என்பதுதான்.

மைக்கைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் ரேடியோ என்று கூப்பிட்டார்கள். மைக் வேலைக்காக அல்ல, வாய்க்காக. அவர் மைக்கைத் திருகிக்கொண்டே சுவரில் இருக்கும் படங்களைப் பற்றி ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். பலகை மேல் நிற்கிற அவளால் எங்கும் போக முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அதோ மூணாவது, மீசைக்காரர். படத்துல எவ்வளவு கம்பீரம் பாரு. மத்தியானம் பதவி ஏத்தாரு. சாயங்காலம் கூட்டணி உடைஞ்சு வீட்டுக்குப் போயிட்டாரு. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு ஆட்சி!"

"நிஜமாவா அண்ணே?"

"பின்ன? ஏழாவது ஆளுக்கு லிஃப்டுன்னா பயம். மந்திரிங்களை மாடிப்படியில உட்கார வெச்சுத்தான் கூட்டம் நடத்துவாரு. பெரிய துறைன்னா மேல் படி. விளையாட்டுத்துறை மந்திரி தரையில. ஒன்பதாவது ஆளு இன்னும் மோசம். எங்க போனாலும் தாமதமாகுதுன்னு நாட்டுல இருக்கிற கடிகாரத்தை எல்லாம் அரைமணி முன்னாடி தள்ளி வெக்கச் சொன்னாரு."

"தள்ளி வெச்சாங்களா?"

"வெச்சாங்களே. அப்பவும் மனுசன் தாமதமாத்தான் வந்தாரு."

இதில் எது உண்மை, எது ரேடியோவின் சொந்தச் சரக்கு என்று அவளால் ஒருநாளும் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை. நம்ப முடியாத கதை உண்மையாக இருக்கும், சாதாரணமாகத் தோன்றுவது புளுகாக இருக்கும். சாயங்காலம் வீட்டில் சொன்னால் கணவன் சிரிப்பான். அவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் நம்புவான்.

அவளுக்கு உண்மையில் கவலை தலைவர்களைப் பற்றி அல்ல. அவள் வேலை தற்காலிக வேலை. ஆண்டு முடிகிற வாரத்தில் அடுத்த ஆண்டுக்கு உத்தரவு வருமா வராதா என்று காத்திருப்பாள். சோறு இறங்காது. இடைவெளியே விழாமல் இருபது ஆண்டு முடித்தால்தான் நிரந்தரம். நிரந்தரமானால் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற ஊழியர் குடியிருப்பில் வீடு கிடைக்கும். அதைவிட முக்கியம், அந்த வாரத்துப் பயம் இருக்காது. காய்ச்சலோடு வேலைக்குப் போயிருக்கிறாள். தங்கை கல்யாணத்தன்று காலையில் போய், இரண்டு வரிசை துடைத்துவிட்டு வந்திருக்கிறாள். இருபதாவது ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டுதான் தேர்தல் வந்தது. முதல்முறையாக ஒரு பெண் தலைவராக வந்தார். அளவு எடுக்கிறவர் வந்து புதுத் தலைவரின் அளவைச் சொன்னபோது மேலாளரே அவளைத் திரும்பிப் பார்த்தார். அதே உயரம், அதே தோள். பலகை வேண்டாம்.

ஒத்திகையன்று காலை வெறுங்காலோடு கம்பளத்தில் நின்றபோது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. எப்போதும் பலகை லேசாக ஆடும், அந்த ஆட்டத்துக்குப் பழகிய கால் தரையில் நிற்கத் தெரியாமல் தவித்தது. அது போதாதென்று தையற்காரர் ஒரு நீல மேலங்கியைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டுவிட்டார். பதவியேற்பவர் போட்டுக்கொள்ள வேண்டிய அங்கி. விளிம்பு கம்பளத்தில் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

கூட்டணிக்காரர்கள் யாருக்கு எந்தத் துறை என்று இழுத்துக்கொண்டிருந்ததால் பதவியேற்பு நேரம் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் சாயங்காலம் என்றார்கள். பிறகு காலை என்றார்கள். பிறகு மறுபடியும் சாயங்காலம் என்றார்கள். காலை என்ற தகவல் தலைமை நீதிபதியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அது மாறிய தகவல் போய்ச் சேரவில்லை.

மேலாளர் வாசலில் பூந்தொட்டி வண்டிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மேடையில் அவள், ரேடியோ, முழங்காலிட்டுக் கம்பளத்தை ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர். அவ்வளவுதான். பக்கக் கதவு வழியாகத் தலைமை நீதிபதி உள்ளே வந்தார். முந்தின வாரம்தான் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். உதவியாளர் ஒருவர் உறுதிமொழிப் புத்தகத்தை ஏந்திக்கொண்டு பின்னால் வந்தார்.

எதிரில் ஒரு பெண், நீல அங்கி, மைக் முன்னால் பேசாமல் நிற்கிறார். நீதிபதிக்கு வேறென்ன தோன்றும்?

"ஆரம்பிக்கலாமா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். இந்தத் தடவை மேலாளருக்குப் பதில் வேறு யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். குரல் நன்றாக இருந்தது. மேலாளர் மாதிரி மூக்கால் படிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல அவளும் சொன்னாள். "அவ்வளவுதான், இறங்கு" வர வேண்டிய இடத்தில் வேறு ஒன்று வந்தது.

"இந்த நொடி முதல் இப்பொறுப்பு என்னுடையது."

சொல்வதைத் திருப்பிச் சொல்வதுதான் அவள் வேலை. சொன்னாள். ஸ்பீக்கரில் அவள் குரல் மண்டபம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது.

"வாழ்த்துகள்" என்று நீதிபதி கையைக் குலுக்கினார். "உட்காருங்க, உங்களுக்கு நிறைய வேலை இருக்கும்."

அவள் அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஏழாவது வரிசை நாற்காலிகளைத் துடைக்கப் போனாள். அது காலையிலேயே பாதியில் விட்ட வரிசை.

மேலாளர் உள்ளே வந்தபோது நீதிபதி ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் மேலாளர் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனாலும் சிரிக்க முயன்றார்.

"ஐயா, அது சும்மா ஒத்திகைங்க."

"நான் ஒத்திகைக்கு வர்றதில்லையே" என்றார் நீதிபதி.

உண்மைதான். அவர் ஒத்திகைக்கு வருவதில்லை. அவர் வந்து, அந்த மேடையில், அந்தப் புத்தகத்தைப் படித்தால் அது பதவியேற்புதான். சட்டம் அப்படித்தான் சொன்னது. ஆள் யாராக இருக்க வேண்டும் என்று அது சொல்ல மறந்திருந்தது. யாரும் தவறான ஆளுக்குப் படிக்க மாட்டார்கள் என்று எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதற்குள் நீதிபதியின் உதவியாளர் முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டிருந்தார். பதவியேற்பு முடிந்தது என்று காவல் பிரிவுக்குப் போன் போய்விட்டது. மத்தியானம் இரண்டு காவலர்கள் விறைப்பாக வந்து, "தலைவர் எங்கே?" என்றார்கள். ரேடியோ வேண்டுமென்றே ஏழாவது வரிசையைக் காட்டினார். அவர்கள் அவள் முன்னால் போய் நின்று சல்யூட் அடித்தார்கள். அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. யாருக்கோ வழி விட வேண்டும் போலிருக்கிறது என்று ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காவலர்களும் அவளோடு ஒதுங்கினார்கள்.

சாயங்காலம் உண்மையான தலைவர் வந்தார். நீதிபதி, "மறுபடியுமா?" என்று கேட்டார், படித்தார். புதுத் தலைவருக்குக் கை கொடுத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மேலாளர் மூச்சுவிட்டார். ரேடியோவுக்கு மட்டும் தலைகால் புரியவில்லை.

"தங்கச்சி, மீசைக்காரரை நீ ஜெயிச்சுட்ட. காலையில டீக்கு ஆரம்பிச்சு சாயங்கால டீ வரைக்கும் உன் ஆட்சி. நாடு அமைதியா இருந்துச்சு பாத்தியா? விலைவாசி ஏறவே இல்ல."

"போங்கண்ணே, பயமா இருக்கு."

பயம் சரியாகத்தான் இருந்தது. ஆண்டுக் கடைசியில் ஊழியர் பிரிவிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். இனிப்பு வாங்கிக்கொண்டு போகலாமா என்று கணவன் கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி, அவளை விட இளையவள், தலைவலித் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டப் பிரிவிலிருந்து இதற்காகவே அனுப்பியிருந்தார்கள்.

"அக்கா, உங்க சர்வீஸ்ல ஒரு இடைவெளி இருக்கு."

"நான் ஒரு நாள்கூட லீவு போடலியே."

"லீவு இல்லக்கா. நாட்டுத் தலைவரா இருக்கிறவங்க வேற அரசாங்க வேலை பாக்கக் கூடாது. பதவி ஏத்த நொடியிலேயே பழைய வேலை போயிடும். அது சட்டம். அந்த உறுதிமொழி செல்லும்னா, அன்னைக்குக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நீங்க தலைவர். அப்போ நாற்காலி துடைக்கிற வேலையில நீங்க இல்ல. மறுநாள்ல இருந்து உங்களுக்குப் புது சர்வீஸ்."

"ஆனா அன்னைக்கும் நான் நாற்காலிதான் துடைச்சேன்."

"தெரியும்க்கா" என்று அந்தப் பெண் நெற்றியை அழுத்திக்கொண்டாள். "தலைவர் நாற்காலி துடைக்கக் கூடாதுன்னு சட்டம் இல்ல. அதான் தலை வலிக்குது."

வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை. கணவன் தட்டை நகர்த்திவிட்டு, "அப்போ என்னதான் சொல்றாங்க? நீ தலைவரா, இல்ல துடைக்கிறவளா?" என்றான்.

"தெரியலையே."

"தெரியலையேன்னா? இருபது வருசத்தை முழுங்கிட்டு ஒரு பகல் பதவி குடுப்பாங்களாமா?"

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தலைவரா இருந்தப்போ ஒரு உத்தரவு போட்டிருக்கலாம்ல? எனக்கு வேலை நிரந்தரம்னு நீயே சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு. வாய்ல என்ன, கொழுக்கட்டையா?"

கேலிதான். ஆனால் அவள் அதை நினைத்து நினைத்துப் பார்த்தாள். அந்தப் பகலில் தான் சொல்லியிருந்தால் நடந்திருக்குமா? எந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும்? ஏழாவது வரிசை முடிந்ததுமா?

வழி கண்டுபிடித்தது ரேடியோ. அல்லது அவர் அப்படிச் சொல்லிக்கொண்டார். "ரெண்டாவது தலைவர் கையில குடையோட உறுதிமொழி எடுத்துட்டாரு. எதிர்க்கட்சிக்காரன் விடுவானா? குடைக்குள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்கேன்னு கேட்டு ரகளை பண்ணிட்டான். மறுநாள் மறுபடியும் ஏத்தாரு. அதுல இருந்து வெறுங்கையோடதான் ஏக்கணும்னு சட்டம்."

சட்டப் பிரிவுப் பெண் தேடிப் பார்த்தாள். பாதி உண்மை. குடை இல்லை, கிளித்தலை வைத்த கைத்தடி. ஆனால் விதி இருந்தது. இரண்டு கையும் வெறுமையாக இருந்தால்தான் உறுதிமொழி செல்லும்.

மேலாளருக்கு உயிர் வந்தது. "அவ கையில எப்பவும் துணி இருக்குமே! குளிக்கும்போதுகூட வெச்சிருப்பா. முடிஞ்சுது கதை. உறுதிமொழி செல்லாது, இடைவெளி இல்ல, நிரந்தரம்."

முடியவில்லை. ரேடியோ தலையைச் சொறிந்தார். நீதிபதி வருவதற்குச் சற்று முன்னால் மைக்கைத் துடைக்க அந்தத் துணியை அவளிடம் வாங்கியிருந்தார்.

"திருப்பிக் குடுத்துட்டேன். அது நல்லா ஞாபகம் இருக்கு."

"எப்போ குடுத்தீங்க? அவரு படிக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அது..." என்றார் ரேடியோ. மீசைக்காரர் எத்தனை மணிக்குப் பதவியிழந்தார் என்று தெரிந்தவருக்கு இது தெரியவில்லை.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. ஜன்னலோரம் தலைமை நீதிபதி, இப்போது கறுப்புக் கண்ணாடி இல்லாமல். அவருடைய உதவியாளர், சட்டப் பிரிவுப் பெண், மேலாளர், ரேடியோ, கம்பளக்காரர்கள் இரண்டு பேர். அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

வழியெல்லாம் கணவன் சொல்லிக்கொண்டே வந்திருந்தான். "இருந்துச்சுன்னு சொல்லு. ஒரே வார்த்தை. உன்னால முடியும்." மேலாளரும் வாசலில் காதோடு அதையே சொன்னார். அவளும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இருந்துச்சு. இருந்துச்சு.

முதலில் கம்பளக்காரர்களைக் கேட்டார்கள்.

"நாங்க குனிஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்தோம் சார். காலைத்தான் பார்த்தோம். செருப்பு இல்ல. அது வேணும்னா எழுதிக்குங்க."

நீதிபதியின் உதவியாளர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நீதிபதியும் மறைக்கவில்லை. "எனக்கு நீலமா ஒரு உருவம் தெரிஞ்சுது. கை, கால் எதுவும் தெரியல. குரல் மட்டும் தெளிவா இருந்துச்சு. இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லைன்னு நினைச்சேன்."

பிறகு அவளைப் பார்த்தார். "உட்காருங்கம்மா."

அவள் உட்காரப் போனாள். அறையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" மேலாளர் எழுந்தே விட்டார். "இப்போ நாற்காலியைத் துடைச்சா. கையில துணி. கேளுங்க, அவளுக்கே தெரியாது. அன்னைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்."

அவள் கையைப் பார்த்தாள். துணி இருந்தது. வாசலில் கணவனிடம் கொடுத்துவிட்டு வந்ததாக நினைத்திருந்தாள்.

"இருந்திருக்கும்கிறது வேற, இருந்துச்சுங்கிறது வேற" என்றாள் சட்டப் பிரிவுப் பெண், வருத்தமாகவே. "அக்கா, நீங்கதான் சொல்லணும். உறுதிமொழி எடுக்கும்போது உங்க கையில துணி இருந்துச்சா?"

அவள் அந்தக் காலையைத் தேடினாள். பித்தளைக் கம்பியின் குளிர்ச்சி இரண்டு உள்ளங்கையிலும் பட்டது நினைவில் இருந்தது. இரண்டு கையும் கம்பியில் இருந்தால் துணி எங்கே? ஆனால் அடுத்த நொடியே துணியின் நெருடலும் நினைவுக்கு வந்தது, இடது கையில், எப்போதும் போல. கம்பி என்பது வேறு ஏதோ ஒத்திகையோ? எத்தனை ஒத்திகை! துணி என்பது நேற்றோ, முந்தாநாளோ? இத்தனை நாளும் இதையே யோசித்து யோசித்து இரண்டு நினைவும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தன. எது கண்ணால் கண்டது, எது மற்றவர்கள் சொல்லிக் கொடுத்தது என்று பிரிக்க முடியவில்லை. ரேடியோவின் கதைகளைப் போலவே அவளுடைய காலையும் ஆகிவிட்டது.

வாயைத் திறந்தாள். சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் எதிரே இருந்தவர், அவள் சொன்னதை எல்லாம் தெளிவாகக் கேட்ட மனிதர். அவர் இப்போதும் அப்படியே காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார்.

"தெரியலைங்க ஐயா" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்றார் மேலாளர்.

"யோசிச்சேங்க. யோசிக்க யோசிக்கத்தான் தெரியாமப் போகுது."

நீதிபதி, "எனக்கும் அப்படித்தாம்மா" என்றார்.

வெளியே வந்ததும் கணவன் அவள் முகத்தைப் பார்த்தான், புரிந்துகொண்டான். இரண்டு நாள் கழித்து அவனே, "சரி, ஒரு ஸ்பேனரை எங்க வெச்சேன்னு என்னை ஒரு வருசம் கழிச்சுக் கேட்டா, நான் மட்டும் சொல்லிடுவேனா?" என்றான். அது சமாதானமா, அலுப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணி, அவள் உட்காரும் நாற்காலியைத் தானே ஒருமுறை தட்டிப் போட்டாள்.

விஷயம் மேலே போனது. மேலே இருப்பவர்கள் படித்துப் பார்த்துவிட்டு, அதற்கும் மேலே அனுப்பினார்கள். செல்லும் என்று சொன்னால் நாற்காலி துடைப்பவர் நாட்டை ஆண்டதாக ஆகிவிடும். செல்லாது என்று சொல்ல ஆதாரம் இல்லை. முடிவு வரும் வரைக்கும் எதையும் தொட வேண்டாம் என்று உத்தரவு வந்தது. எதையும் என்றால் எதையும்தான். அவளை வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது, நிரந்தரம் ஆக்கவும் முடியாது. முன்னாள் தலைவர்களுக்குக் கொடுக்கும் ஒரு காவலரை அவள் வீட்டு வாசலுக்கு அனுப்பினார்கள். ஒருவேளை அவள் முன்னாள் தலைவராக இருந்துவிட்டால்?

வந்த முதல் நாள் காவலர் விறைப்பாக நின்றார். அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"எம்புட்டு நேரம் இப்படியே நிப்ப தம்பி? உள்ள வா. இந்த வெங்காயத்தையாவது உரி."

"இல்லம்மா, பணியில இருக்கேன்."

"யாரைக் காக்குற? அவ வேலைக்குப் போயிட்டா. வெங்காயத்தைக் காப்பாத்து."

மண்டபத்தில் புதுத் தலைவரின் படத்தை மாட்டும்போது இன்னொரு குழப்பம். அவர் எத்தனையாவது? முந்தையவர் பதினான்கு. பதினைந்து என்று போட்டால் ஒன்றை முடிவு செய்ததாகிவிடும், பதினாறு என்று போட்டால் இன்னொன்றை. கடைசியில் பதினாறு என்று போட்டுவிட்டு, நடுவில் ஓர் ஆணி மட்டும் அடித்து இடம் விட்டார்கள். தேவைப்பட்டால் ஆணியைப் பிடுங்கி, எண்ணை மாற்றிக்கொள்ளலாமாம். மண்டபம் பார்க்க வருகிறவர்கள் அந்த ஆணியைக் காட்டிக் கேட்பார்கள். ரேடியோ சொல்லுவார். கேட்கிறவர்கள் சிரித்துக்கொண்டே, "சும்மா சொல்லாதீங்க" என்பார்கள். மற்ற கதைகளை எல்லாம் நம்பிவிட்டு இதை மட்டும் நம்ப மாட்டார்கள். அவள் பக்கத்திலேயே துடைத்துக்கொண்டிருப்பாள், கேட்டால் தானும் நம்ப மாட்டாள்.

இப்போது நிலைமை இதுதான். அவள் இன்னும் அதே மண்டபத்தில் தற்காலிக ஊழியராக இருக்கிறாள். இருபதாவது ஆண்டு இன்னும் முடியவில்லை, முடிவு வந்தால்தான் முடியும். ஆண்டுக் கடைசி வாரத்தில் உத்தரவு தவறாமல் வருகிறது, ஆனாலும் அந்த வாரம் சோறு இறங்குவதில்லை. காவலர் வாசலில் இருக்கிறார், பிளாஸ்டிக் நாற்காலியில். ஒத்திகைக்கு இன்றும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் ஒரு புது விதி வந்திருக்கிறது: ஒத்திகையில் நிற்பவர் கையில் ஒரு மஞ்சள் துணி இருக்க வேண்டும், உறுதிமொழி தப்பித் தவறியும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. அந்தத் துணியை அரசாங்கமே தைத்துக் கொடுக்கிறது. அது துடைப்பதற்கு உதவாது. அதனால் ஒத்திகை நாளில் அவள் இரண்டு துணி கொண்டுபோகிறாள்.